விஜயகுமாரிக்குக் கிடைக்காத சீட்

என் அக்கா விஜயகுமாரி தன் உடம்பை ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்கிற சேதி மூன்று வாய் மாறி என்னிடம் வந்தது. செகந்திராபாத் ஸ்கந்தகிரி கோவிலில் கிருத்திகை அன்று யாரோ ஓர் அம்மாள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டது என் பெரியப்பா மகன் ரஞ்சனின் மாமியார். ரஞ்சன் அதைக் கனடாவில், கால்கரியில் இருக்கும் எனக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினான்.

"டேய் சுனிலு, விஷயம் தெரியுமா? நம்ம விஜியக்கா பாடியை ஏதோ மெடிக்கல் காலேஜுக்கு எழுதி வெச்சிட்டாங்களாம். செத்தா எரிக்கக் கூடாதாம். பசங்க அறுத்துப் படிக்கிறதுக்காம். இன்னாடா இது, கூடப்பொறந்தவன் நீ ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கச்சொல்ல? ஊர்ல காறித் துப்ப மாட்டாங்க?"

குரலில் பாதி அதிர்ச்சி, பாதி ருசி.

அக்காவையே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் அம்மா செத்துப்போன மறுநாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நாலு வருஷம் தாண்டிவிட்டது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இப்போது எதற்கு இந்த ஏற்பாடு? உடம்புக்கு ஏதாவதா? வெளிநாட்டில் இருப்பவனுக்கு இந்த மாதிரி சேதி வந்தால் கை முதலில் விமான டிக்கெட்டைத்தான் தேடும். நானும் தேடினேன். அதற்கு அடுத்தபடியாக வந்தது பயம் இல்லை, கோபம். என்னைக் கேட்கவில்லையே என்கிற கோபம். அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று சொல்ல வேண்டுமானால் செகந்திராபாத் மெட்டுகுடாவில் நாங்கள் வளர்ந்த நாட்களுக்குப் போக வேண்டும்.

எங்கள் அப்பா அருணாசலம் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குடியாத்தத்திலிருந்து வந்த குடும்பம். மெட்டுகுடாவில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். சுவருக்கு அந்தப் பக்கம் அப்துல் ரஹீம் சாச்சா. ஆம்பூர்க்காரர், அதே வொர்க்‌ஷாப்பில் வெல்டர். அவர் மகள் பானுவும் அக்காவும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். இருவரும் பேச ஆரம்பித்தால் வாக்கியம் தமிழில் கிளம்பி, தெலுங்கில் திரும்பி, உருதுவில் போய் நிற்கும். நான் அக்காவுக்கு நாலு வருஷம் இளையவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் அம்மாவின் அண்ணன் வரதராஜன் மாமா குடியாத்தத்திலிருந்து வந்தார். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, என் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். எனக்கு எழுதத் தெரியவில்லை. அக்கா தன் பெயரில் 'வி' வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இன்னா கனகா," என்றார் மாமா அம்மாவிடம், "ஒண்ணு 'நக்கோ'ங்குது, இன்னொண்ணு 'ஒத்து'ங்குது. நாளைக்கு நீ செத்தா ஒப்பாரி வைக்கக்கூட வாடகைக்கு ஆள் புடிக்கணும் போலக்கீதே."

முன்னது உருது, பின்னது தெலுங்கு, இரண்டுக்கும் அர்த்தம் 'வேண்டாம்'தான். சொன்னவர் சிரித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே அந்தப் பேச்சு ஆழமாகத் தைத்திருக்க வேண்டும். நாலாம் நாள் முடிவாயிற்று: ஒரு பிள்ளையாவது மாமா வீட்டில் இருந்து தமிழ் படிக்கட்டும். எந்தப் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை. "ஆம்பளப் புள்ளை. நாலு பேரு எதிர்ல நின்னு பேசணும், பத்திரிகை அடிக்கணும். இவன் போகட்டும்" என்றார் அப்பா. எனக்கு ஒன்பது வயது. ஐந்தாம் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும்.

ரயில்வே வீடுகளில் சில விஷயங்களுக்கு மறுபேச்சு கிடையாது. எடுத்த இலவச ரயில் பாஸ் வீணாகக் கூடாது என்பது அதில் தலையானது. பார்க்கப்போன கல்யாணம் நின்றுபோனாலும், பாஸ் எடுத்தாகிவிட்டது என்று ஊர்போய்ச் சேர்ந்து, கல்யாணம் நின்ற வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் வரிசையிலேயே உண்டு. அப்பா ஜூன் முதல் வாரத்துக்கு லீவு வாங்கினார். குடும்பத்துக்கே பாஸ் எடுத்தார். மதராஸ் போய் அங்கிருந்து குடியாத்தம்.

கிளம்ப வேண்டிய அன்று நான் சமையலறைக் கூடையிலிருந்து இரண்டு வெங்காயத்தை எடுத்து, தோலை உரித்து, அக்குளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வெயிலில் நின்றேன். வகுப்பில் ஒருவன் சொல்லிக்கொடுத்த வித்தை. அது வெங்காயத்தின் வேலையா, வெயிலின் வேலையா, பயத்தின் வேலையா தெரியாது, உடம்பு கொதித்தது. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். அம்மா நெற்றியில் கையை வைத்துவிட்டு அலறினாள்.

"அனலாக் கொதிக்குது புள்ளைக்கு. இவனை எப்படிய்யா கூட்டிக்கினு போவே?"

"லீவு சாங்க்‌ஷன் ஆயிடுச்சு," என்றார் அப்பா. "பாஸ் கையில கீது. மச்சான் ஸ்டேஷனுக்கு வந்து நிப்பாரு. யாரையாவது கூட்டிக்கினு போய்த்தானே ஆவணும்?"

அக்கா அப்போது தரையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போறேன்ப்பா. ஒரு வருஷம்தானே."

என் பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்துவிட்டு அவள் பாவாடைகளை வைத்தாள் அம்மா. மறுநாள் காலையில் நான் எழுந்து ஆறு இட்டிலி தின்றேன்.

ஒரு வருஷம் இரண்டாயிற்று. மாமா வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் வேலை நடந்தது. கூலிக்கு மூன்று பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அக்கா நாலாவது, கூலி இல்லாமல். இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் எழுதிய கடிதங்களிலிருந்து. "தீப்பெட்டி ஒட்டுவதில் இந்த வீட்டில் நான்தான் வேகம் என்று மாமி சொல்கிறார்கள்" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அதை நான் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஒரே பெருமை.

ஆமாம், நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா ஷிஃப்டுக்குப் போய்விட்டால் கடிதம் படிக்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் அப்பா சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்குப் பக்கத்தில் சிலேட்டை வைத்துக்கொண்டு எனக்குத் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதம். அவ்வளவுதான் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்த நான் இன்று இதை இந்த எழுத்தில் எழுதுகிறேன் என்றால் அந்த இரண்டு மாதத்துச் சிலேட்டுதான் காரணம். வீட்டிலேயே முடிகிற காரியத்துக்கு எதற்கு ஒரு பெண்ணை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பினோம் என்று அப்பாவோ அம்மாவோ கேட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்து அக்கா செகந்திராபாத் திரும்பினாள். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. இரண்டு வருஷம் தமிழில் படித்த விஞ்ஞானத்தை மறுபடி இங்கிலீஷுக்கு மாற்றிக்கொண்டு, அங்கே பிளஸ் டூவுக்குச் சமமான இன்டரில் உயிரியல் பிரிவில் பானுவோடு சேர்ந்தாள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. அது நடக்கப்போகிற விஷயம், அவ்வளவுதான். நுழைவுத் தேர்வில் அவள் வாங்கிய ராங்குக்கு சீட் நிச்சயம் என்று வொர்க்‌ஷாப்பே சொன்னது. பானு அவளுக்கு இருநூறு பேர் பின்னால். பானுவுக்குத்தான் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு வீடும் வேண்டிக்கொண்டன.

சான்றிதழ் பார்க்கிற அன்று அப்பா, சாச்சா, பானு, அக்கா, கூடவே நான். முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி என்று சாச்சா சொல்லியிருந்ததால் ஒட்டிக்கொண்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் வயதான ஒரு குமாஸ்தா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார்.

"நைன்த், டென்த் எக்கட சதிவாவு அம்மா?" ஒன்பதும் பத்தும் எங்கே படித்தாய் என்று கேட்டார்.

"குடியாத்தம்."

"அதி எக்கட?"

"தமிழ்நாட்ல சார்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார், வேறு ஏதாவது வழி அதில் எழுதியிருக்குமோ என்று தேடுவது போல. பிறகு ஒரு மூலையில் சின்னதாக எழுதினார். நான்-லோக்கல்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சார், புட்டிந்தி இக்கடே சார். ரயில்வே ஆஸ்பத்திரிலோ சார். நேனு கூட இக்கடே சார்." பிறந்தது இங்கேதான், நான்கூட இங்கேதான் என்று ஒரே வாக்கியத்தை நாலு தரம் சொன்னார்.

"புட்டிந்தி காது பாபு. சதுவு காவாலி. வரசகா நாலுகேள்ளு" என்றார் குமாஸ்தா. பிறப்பு கணக்கில்லை, படிப்புதான். கடைசி நாலு வருஷம் சேர்ந்தாற்போல் இங்கே படித்திருக்க வேண்டும். ஒன்பது, பத்து, இன்டர் இரண்டு வருஷம். அந்த நாலில் அக்காவுக்கு முதல் இரண்டு இல்லை. எல்லோருக்கும் பொதுவென்று வைத்திருந்த கொஞ்ச இடங்களுக்கு அவள் ராங்க் எட்டவில்லை. லோக்கல் பட்டியலில் அவள் ராங்க் நடுவில் வந்திருக்கும்.

அடுத்து பானு போனாள். அவள் தாள்கள் எல்லாம் செகந்திராபாத். கடைசி இடங்களில் ஒன்று கிடைத்தது.

வெளியே வந்து பானு ஓவென்று அழுதாள். அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கைக்கு, நீ ஏன் அழறே பைத்தியம்? சீட்டு உனக்குத்தானே வந்துக்கீது?" சாச்சா பிரியாணி வாங்கவில்லை. பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மா மட்டும் பல நாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குடியாத்தம்னு ஏன்டி சொன்னே? வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல?"

எனக்கு அப்போது பதின்மூன்று. கணக்கு நன்றாக வரும். நான் போயிருந்தால் ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் குடியாத்தத்தில் படித்துவிட்டு ஏழாவதுக்குத் திரும்பியிருப்பேன். எந்தக் குமாஸ்தாவின் பேனாவும் என் பக்கம் வந்திருக்காது. இதைப் பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஹைதராபாத்தில் கோட்டிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் அக்கா பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அவளுடைய கல்லூரி நாட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும். தோழிகள், கேன்டீன், ஆண்டு விழா என்று. அவள் எதையும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. போவாள், வருவாள். தவளை அறுத்த கையோடு சோறு தின்ன வேண்டாம் என்று அம்மா வாசலிலேயே வாளியில் தண்ணீர் வைப்பாள். அவள் நிஜமாகப் படித்த கல்லூரி வேறு. அது எங்கள் சைக்கிள் கொட்டகையில் நடந்தது.

மருத்துவம் படிக்கிறவர்கள் முதல் வருஷத்தில் மனித எலும்புகளை மூத்த மாணவர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு படிப்பார்கள். பானு ஒரு சாக்குப் பையில் அதைக் கொண்டுவந்தாள். அவள் அம்மா வாசலிலேயே மறித்தாள்: மையித்து எலும்பு, செத்தவங்க எலும்பு, மண்ணுக்குள்ள கிடக்கணும், பரண்ல இல்லை. பானு பையோடு சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அய்யோ, யாரு பெத்த புள்ளையோ!" என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதை உள்ள கொண்டாந்தே, நான் வெளிய போயிடுவேன்."

"காலா, இது வெறும் கால்சியம்" என்றாள் பானு. அம்மா அவளுக்குக் காலா, உருதுவில் சித்தி.

"கால்சியமோ தோசியமோ. உன் வீட்ல ஒத்துக்கலே, என் வீட்ல எப்படிடி ஒத்துக்குவேன்?"

சமாதானம் பண்ணியது அப்பா. வொர்க்‌ஷாப்பிலிருந்து பேக்கிங் பலகை வாங்கி வந்து, கீல் வைத்த ஒரு பெட்டி செய்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த சைக்கிள் கொட்டகையில் வைத்தார். யாருக்காகச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். பெட்டியின் மூடியை இழைப்புளி போட்டு அத்தனை வழவழப்பாக்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டு பேரும் அங்கே உட்காருவார்கள். புத்தகம் பானுவுடையது, படித்தது அக்கா. பானு தடுமாறும்போதெல்லாம் அக்கா ஒவ்வொரு எலும்பாகக் கையில் எடுத்து, எந்தப் பக்கம் மேல், எந்தப் பள்ளத்தில் எந்தத் தசை ஒட்டும் என்று விரலால் தடவிக் காட்டுவாள். பானுவின் ரெக்கார்டு நோட்டில் படங்கள் அக்கா போட்டது. அதற்கு வாத்தியார் பாராட்டி எழுதிய அன்று பானு வந்து சொன்னாள்: "சார், அது என் கை இல்லைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு விஜி. முழுங்கிட்டேன்." "முழுங்கு, முழுங்கு. டாக்டருங்களுக்கு முழுங்கத் தெரியணும்" என்றாள் அக்கா.

ஒரு முறை நான் சைக்கிள் எடுக்கப் போனபோது அக்கா இடுப்பெலும்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "இது பொம்பளை. சின்ன வயசு" என்றாள். பிறகு பானுவிடம் இல்லை, என்னிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னாள்: "இவளுக்குன்னு யாரும் இருந்திருக்க மாட்டாங்க. இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?"

பி.எஸ்ஸி. முடிந்ததும் அல்வாலில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனாள். தபால் வழியில் எம்.எஸ்ஸி. முப்பத்தெட்டு வருஷம், அதே பாடம், அதே தவளை. அவளிடம் படித்தவர்களில் டாக்டர் ஆனவர்கள் எத்தனையோ பேர். வரதராஜன் மாமா ஒரு முறை தன் பையனுக்குப் பெண் கேட்டு வந்தார். முறைப் பெண்தானே என்று உரிமையாகத் தாம்பாளத்தோடேயே வந்துவிட்டார்.

"தமிழ் கத்துக்கணும்னு வந்தேன் மாமா, கத்துக்கினேன்," என்றாள் அக்கா. "உங்க வீட்ல வேற இன்னா பாக்கி கீது கத்துக்கிறதுக்கு?"

தாம்பாளம் திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த இடங்களையும் அவள் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டாள். காரணம் கேட்கிற தைரியம் அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

என் முறை எண்பத்தெட்டில் வந்தது. என்ஜினீயரிங். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அக்காதான் கூட வந்தாள். என் தாள்களை அரை நிமிஷத்தில் புரட்டி 'லோக்கல்' என்று முத்திரை குத்தினார்கள். அவள் எனக்குப் பின்னால் நின்று முத்திரை விழுவதைப் பார்த்தாள். வெளியே வந்து கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பெங்களூர் போனேன், துபாய் போனேன், கால்கரி வந்தேன். அப்பா இறந்துபோனார். அம்மாவை அல்வால் வீட்டில் அக்கா வைத்துக்கொண்டாள். நான் போன் செய்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறைய சாக்லேட்டோடு போனேன்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் அம்மா செத்துப்போனாள். கொரோனா சமயம், விமானம் இல்லை. ஹைதராபாத்தில் எரிப்பதற்கு வரிசை. ரஞ்சன் உட்பட உறவில் ஓர் ஆண் பிள்ளையும் வாசல் தாண்டி வரவில்லை, வியாதி பயம். பானு பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு கூட வர, அக்காவே கொள்ளி போட்டாள். மறுநாள் நான் போனில் கத்தினேன்.

"ரஞ்சன் கையக் காலப் புடிச்சாவது கூப்பிட்டிருக்கலாம் இல்ல? பொம்பள போய் கொள்ளி போட்டா இன்னா அர்த்தம்? ஒரு நாலு நாள் ஐஸ்ல வெச்சிருந்தா நான் எப்படியாவது வந்திருப்பேனேக்கா!"



"வந்திருக்க மாட்டே சுனிலு," என்றாள். "காய்ச்சல்னு சொல்லியிருப்பே."

அவளே தொடர்ந்தாள்.

"தலகாணிக்கு அடியில ரெண்டு வெங்காயம் கெடந்துச்சு. அம்மா பாத்தா தோலை உரிச்சிடுவாங்களேன்னு எடுத்து சாக்கடையில போட்டுட்டுத்தான் ரயில் ஏறுனேன். சின்னப் பையன், பயந்துக்கினான், ஒரு வருஷம்தானேன்னு நெனச்சேன்." பிறகு, "வெச்சிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

நாற்பத்தோரு வருஷம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தபோது தெரிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் பண்டிகைக்குப் பண்டிகை பூப்போட்ட வாழ்த்துப் படங்களை அனுப்பினேன். அவள் பார்ப்பாள், பதில் போட மாட்டாள்.

ரஞ்சனின் குரல் பதிவு வந்த மறுநாள், திங்கட்கிழமை, டாக்டர் பானுவைக் கூப்பிட்டேன். குகட்பள்ளியில் பாதி நேரம் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போகிறாள்.

"ஹவ், ஆமா சுனில், நெஜந்தான்," என்றாள். "எப்படா கூப்பிடுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். வியாழக்கிழமை அவளுக்கு ஹார்ட் வால்வு ஆபரேஷன். ஆறு மாசமா மூச்சு வாங்கிக்கிட்டே பாடம் எடுத்துட்டு இருந்திருக்கா, என்கிட்டகூடச் சொல்லலை."

"பொழச்சிடுவாங்க இல்ல பானுக்கா?"

"நூத்துல தொண்ணூறு பேர் பொழைக்கிறாங்க. அவ அந்தப் பத்தைப் பத்தியே பேசுறா. அதுக்குத்தான் இந்த ஃபாரம். அது இன்னும் முடியலை சுனில். நெருங்கின உறவு கையெழுத்து போடணும். என் பேரைப் போட்டா. காலேஜ்ல ரத்த சம்பந்தம் வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவளுக்கு ரத்த சம்பந்தம்னா நீ ஒருத்தன்தான்."

"என்னைக் கேக்கலையே."

"கேப்பாளா? 'அப்ப நக்கோ, விட்டுடு'ன்னா. ஆனா ஃபாரத்தைக் கிழிக்கலை, கைப்பையிலயே வெச்சிருக்கா. நான் உன்கிட்ட வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். 'நீ போய் அவன்கிட்ட நின்னே, உன்கூடவும் பேச மாட்டேன்'ன்னா." பானு நிறுத்தினாள். "அவ இன்னொண்ணும் சொன்னா. சொல்லட்டா? 'பானு, இந்தத் தடவை நைன்த் எங்க படிச்சேன்னு கேக்க மாட்டாங்க இல்ல?'ன்னா. சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை."

புதன் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதற்கு முன்னால் நான் அவளிடம் பேசி, அவள் அந்தத் தாளை எனக்கு அனுப்பி, நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவளாக அனுப்பினால்தான் உண்டு.

அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஏனென்றால் ரஞ்சன் முந்திக்கொண்டான்.

"கையெழுத்து போட்றாதே சுனிலு, கால்ல விழறேன். நீ போடலேன்னா அது வெறும் காயிதம். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ரத்த சம்பந்தம் நீதான். நீ முடியாதுன்னா எவனும் தொட முடியாது. ஃப்ளைட் புடிச்சு வா, முறையா தூக்கி, முறையா எரிச்சு, மூசி ஆத்துல கரைச்சிடலாம். அம்மாவுக்குத்தான் செய்ய முடியலே. அக்காவுக்காவது செய்டா."

மறைக்காமல் சொல்கிறேன்: அது எனக்கு நியாயமாகவே பட்டது. ஒரு நாள் முழுக்கப் பட்டது. ஓட்டைப் பானையோடு நான் சுற்றி வருவதையும், ஈர வேட்டியோடு நான் நிற்பதையும், பாவம் தம்பி, கனடாவிலிருந்து ஓடி வந்தான் என்று ஊர் சொல்வதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில், மீட்டிங்கில், எல்லாம். அந்த நினைப்பில் ஓர் இதம் இருந்தது. செவ்வாய் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போதுதான் உறைத்தது: என் நினைப்பில் அக்கா ஏற்கெனவே செத்திருந்தாள். வியாழக்கிழமை அவள் பிழைக்க வேண்டும் என்று அந்த ஒரு நாளில் நான் ஒரு தடவைகூட வேண்டிக்கொள்ளவில்லை.

காரை ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஓரம்கட்டினேன். இங்கே ஏழரை, அங்கே புதன் காலை எட்டு. இன்னும் இரண்டு மணி நேரம். பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். பானு வண்டியோடு வருகிற நேரம்.

கூப்பிட்டேன். முழுதாக அடித்து நின்றது. வாட்ஸப்பில் கூப்பிட்டேன். அதுவும் அடித்து நின்றது. குளித்துக்கொண்டிருக்கலாம். போனை வேறு அறையில் வைத்திருக்கலாம். மூச்சு வாங்குகிறவள், எழுந்து வர நேரம் ஆகலாம். இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தமிழில் தட்டினேன். தட்டியதை இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாவதாக மிஞ்சியது இவ்வளவுதான்: "ஃபாரத்தை அனுப்புக்கா. கையெழுத்து போடறேன். பொய்க் காய்ச்சலுக்கு மன்னிச்சிடு."

இரண்டு சாம்பல் நிறக் கோடுகள். கண்ணாடியில் பனி படிந்து கடையின் விளக்குகள் கலங்கித் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடுகள் நீலமாயின.

படித்துவிட்டாள். போன் கையில்தான் இருக்கிறது.

ஒரு நிமிஷம் பொறுத்தேன். பதில் தட்டுகிற அடையாளம் எதுவும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மணி போகிறது. நாலு, ஐந்து, ஆறு. எடுக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. காதோடு போனை அழுத்திக்கொண்டிருக்கிறேன். ஏழு. எட்டு.